ஏழரைக்குள் பொங்கவேண்டிய பானை

அந்தத் தைப்பொங்கல் காலையில் எங்கள் வீட்டில் அம்மா இருந்தார், அப்பா இருந்தார், லண்டனிலேயே இன்னொரு மூலையில் இருந்த ரெய்னர்ஸ் லேனிலிருந்து முதல்நாளே வந்து தங்கியிருந்த பெரிய மாமாவும் மாமியும் இருந்தார்கள், ஏழு மாதத் தங்கச்சி அம்மாவின் தோளில் இருந்தாள், ஒன்பது வயதில் நான் இருந்தேன். வரவேண்டியவர்களில் வராதவர் ஒருவர்தான். அவர் சூரியன்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தை மாதத்து லண்டனில் அவர் எட்டு மணிக்கு முன்னர் எழும்புவதில்லை. ஆனால் எங்கள் வீட்டு மின்சாரத்துக்குக் காலை ஏழரையோடு விலை ஏறிவிடும். சூரியனுக்கும் மீற்றருக்கும் நடுவில் விழுந்த அந்த அரைமணி நேரத்துக்குள்தான் எங்கள் பொங்கல் பானை மாட்டிக்கொண்டது. இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. சூரியன்மேல் இல்லை.

நாங்கள் இருந்தது ஒரு கடைக்கும் அதன் மேலிருந்த இன்னொரு வீட்டுக்கும் மேல்மாடியில். அந்தக் கட்டடத்தில் காஸ் கிடையாது. குளிர்காலத்துக்கு என்று வீட்டுக்காரர் விட்டிருந்தவை சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரண்டு பெரிய ஹீற்றர்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் செங்கல் அடுக்கியிருக்கும். இரவில் மலிவாக வரும் மின்சாரத்தில் அந்தக் கல் சூடேறி, பகல் முழுவதும் அந்தச் சூட்டை மெல்ல மெல்ல விடவேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் அதைக் கல்லு ஹீற்றர் என்போம். ஏற்பாடு கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது விடியற்காலையில், எல்லோரும் போர்வைக்குள் கிடக்கும்போது, அனலாகக் கொதிக்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து கையை வைத்துப் பார்க்கும்போது செத்த மாடு போலக் குளிர்ந்து கிடக்கும்.

இரவு மின்சாரத்துக்கு ஒரு விலை, பகல் மின்சாரத்துக்கு இன்னொரு விலை. நள்ளிரவு தாண்டி அரைமணிக்குத் தொடங்கும் மலிவு நேரம், காலை ஏழரைக்கு முடியும். அந்த ஏழு மணிநேரத்தில் பகல் விலையில் பாதிகூட இல்லை. பகல் விலையோ சாதாரண வீடுகளில் கொடுப்பதைவிடக் கூட. இதை எங்களுக்கு விளங்கப்படுத்தியவர் பெரிய மாமா. அம்மாவின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உலகத்தில் எது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட்டு, மாமி எழும்பச் சொல்லும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்.

“இரவுக் கரண்ட் சும்மா தாற மாதிரி, மச்சான். பகலில சுவிச்சில கை வைச்சால்தான் காசு” என்றார் அப்பாவிடம். சொல்லிவிட்டு, தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டியை எடுத்து, ராகுகாலம் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சிவப்புப் பேனையால் மலிவு நேரத்தையும் எழுதி வைத்தார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ராகுகாலம் எண்டாலும் ஒண்டரை மணித்தியாலத்தில போயிடும், அண்ணை. நீங்கள் எழுதினது மிச்சநாள் முழுக்க எல்லோ.”

ரெய்னர்ஸ் லேன் வீட்டில் காஸ் இருந்தது என்பதையும், மாமா தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட மலிவு நேரம் பார்த்துத் தேத்தண்ணீர் குடித்ததில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன்.

நாங்கள் குடித்தோம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற குடும்பம் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் ஊரில் நடந்த போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். எழுதப்பட்ட விதி ஒன்றைக் கண்டால் அதை எழுதியவனுக்குத் தங்களைவிட அதிகம் தெரியும் என்று நம்பியவர்கள். அப்பா பெற்றோல் ஸ்ரேஷனில் பின்னேர ஷிப்ட் முடித்து வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் உலை வைக்கப்படும். நடுச்சாமத்தில் கறி தாளிக்கும் மணம் என் கனவுகளுக்குள் வரும். வோஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் இல்லாமல் எனக்கு நித்திரை வராத அளவுக்குப் பழகிவிட்டது. குளிப்பதென்றால் காலை ஆறு மணிக்கு. பகலில் சோற்றைச் சூடாக்க மாட்டார்கள். அதைப் போர்வையால் சுற்றிக் கட்டிலில் ஒரு நோயாளியைப் படுக்கவைப்பதுபோல வைத்திருப்பார் அம்மா. அவர் பகலில் வீட்டுக்குள்ளேயே ஜக்கெற் போட்டுக்கொண்டு திரிவார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்து நானும் பலமுறை சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றிருக்கிறேன்.

இவ்வளவும் செய்து முதல் குளிர்காலத்துக்கு வந்த பில்லைக் கண்டு அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

மின்சாரக் கொம்பனிக்குப் போன் எடுத்தோம். கதைத்தது நான். எங்கள் குடும்பத்தில் பின்னாளில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை படித்து முடித்த முதல் ஆள் நான்தான் என்றாலும், ஒன்பது வயதாவதற்கு முன்னரே வீட்டின் ஆங்கிலம் என்னிடம்தான் இருந்தது. மறுமுனையில் பேசிய பெண் மிகவும் அன்பானவள். எங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு, நீங்கள் பகலில் நிறையப் பாவிக்கிறீர்கள், இரவில் மிகவும் குறைவாகப் பாவிக்கிறீர்கள், முடிந்தவற்றை எல்லாம் இரவுக்கு மாற்றுங்கள் என்று சொன்னாள். ஓர் அறிவிப்பாளரைப் போல அதை நான் தமிழில் சொன்னேன்.

“பகலில என்னத்தை நாங்கள் பாவிக்கிறம்?” என்றார் அப்பா.

அம்மா யோசித்துப் பார்த்து, “கேத்தில்” என்றார்.

அன்றிலிருந்து கேத்திலும் இரவுக்குப் போனது. விடியற்காலையில் அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து மூன்று பிளாஸ்க்குகளில் ஊற்றி வைப்பார்; பின்னேரத்துத் தேத்தண்ணீர் அந்தக் கடைசிப் பிளாஸ்க்கின் இளஞ்சூட்டில், பால் ஆடை மிதக்க வரும். நான் பள்ளிக்கூடத்தில் சூடான சாப்பாட்டை விரும்பிச் சாப்பிடுவதை ஆசிரியை ஒருத்தி பாராட்டியது நினைவிருக்கிறது.

அடுத்த குளிர்காலத்துப் பில் இன்னும் கூடியிருந்தது. அதற்குப் பெரிய மாமாவிடம் மருந்து இருந்தது. கொம்பனியை மாற்று என்றார். அதையும் செய்தோம், ஐப்பசி கடைசியில் புதுக் கொம்பனிக்கு மாறினோம். பெயர் மாறியது, பில்லின் நிறம் மாறியது.

அந்த ஆனியில் தங்கச்சி பிறந்திருந்தாள். அவளுடைய முதல் குளிர்காலம் அதுதான். மார்கழி தொடங்கும்போதே அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ளே போவதைச் சட்டைக்கு மேலாலேயே பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளையை நிறுக்க வீட்டுக்கு வருகிற தாதி, சுவரைத் தொட்டுப் பார்த்தாள், கல்லு ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தாள், அம்மாவின் ஜக்கெற்றைப் பார்த்தாள். பிறகு என்னிடம், பிள்ளை இருக்கிற அறை காலையும் மாலையும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அம்மா தலையாட்டினார். அது எவ்வளவு பெரிய தலையாட்டல் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அப்பா ஓர் எண்ணெய் ஹீற்றர் வாங்கிவந்தார். சில்லுப் பூட்டியது, இழுத்துக்கொண்டு எந்த அறைக்கும் போகலாம். ஆனால் அதையும் மலிவு நேரத்தில்தான் போடலாம் என்று முடிவாயிற்று. அதாவது கல்லு ஹீற்றர் அனல் பறக்கும் நேரத்தில் எண்ணெய் ஹீற்றரும் எரியும். பகலில் அது மூலையில், தூசி படாமல் இருக்கத் துவாய் போர்த்துக்கொண்டு நிற்கும். தங்கச்சி இன்னொரு மூலையில் இருமிக்கொண்டு கிடப்பாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் இதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது: கெட்டவர்கள் யாருமே இல்லாத ஒரு வீட்டில் ஒரு கைக்குழந்தை மத்தியானத்தில் குளிரில் கிடந்தது. ஏனென்றால் நாங்கள் சிக்கனமானவர்கள்.

அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். தை பிறக்கும்வரை பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் இருந்தால், சூரியனுக்குப் பொங்கி, அந்த வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் வைத்து முதல் வாய் ஊட்டுவதாக. முட்டியது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகுமளவுக்கு முட்டவில்லை. அம்மா அதை ஏற்றுக்கொண்டார்.

மாமி அப்டன் பார்க் கடைகளில் தேடிப்பிடித்துக் கரும்புத் துண்டும், இலையோடு கூடிய இஞ்சியும் மஞ்சளும் கொண்டுவந்திருந்தார். பானை புதிது. நாட்காட்டியில் பொங்கலுக்கு உரிய நேரம் எட்டு மணிக்குப் பின்னர் என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே மாமாவின் சிவப்பு எழுத்தும் இருந்தது. முதல்நாள் இரவு முழுவதும் அப்பாவும் மாமாவும் இந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். பால் பொங்கி, அரிசி வெந்து, சர்க்கரை போட்டுக் கிண்டி இறக்குவதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மின்சார அடுப்பில் அந்த ஒரு மணித்தியாலம் பகல் விலையில் என்றால் என்ன ஆகும் என்று மாமா கணக்குப் போட்டு அப்பாவைப் பயமுறுத்தினார். இன்று நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாண் ரொட்டி வாங்குகிற காசுகூட வராது.

காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர், அம்மா தங்கச்சியைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மாமா பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தார். பாலை ஊற்றினார். சுவிச்சைப் போட்டார். என்னைக் கூப்பிட்டு, பால் எழும்பும்போது மெதுவாக, கீழ் வீட்டுக்குக் கேட்காமல், பொங்கலோ பொங்கல் சொல்லவேண்டும் என்று சொல்லித்தந்தார். யன்னலுக்கு வெளியே கரிப்பானையின் உட்புறம் போல இருட்டு. அப்பா சுவர் மணிக்கூட்டின் கீழே, ஓட்டப்போட்டிக்கு விசில் ஊதப்போகிறவர்போல நின்றார்.

பால் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தார். தங்கச்சி துவாய்க்குள் சுருண்டிருந்தாள். அம்மா பானையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிச்சை நிறுத்தினார். எழும்பிய பால் அப்படியே கீழே போனது.

“அண்ணை, இருட்டுக்குப் பொங்குறது ஆருக்கு?”

மாமா இதற்கு ஆயத்தமாக இருந்தார். “ஊரில இப்ப மத்தியானம் தாண்டியிட்டுது பிள்ளை. அங்கத்தைச் சூரியனும் இதே சூரியன்தானே. ஊர் நேரத்துக்குப் பொங்குவம்.”

“அப்ப ஊரில போய்ச் சாப்பிடுங்கோ.”

மாமி சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்கக் கரும்பை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அப்பா சமாதானத்துக்கு வந்தார். “பால் சூடாகியிட்டுது, இஞ்சரும். நிப்பாட்டினால் பழுதாப்போயிடும். ஏழரைக்குள்ள முடிச்சிடலாம்.”

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அப்பாவும் போட்டிருப்பார், வழமையாக முடிகிற மாதிரி முடிந்திருக்கும். “ஏழரை, ஏழரை எண்டு ரெண்டு வருசமாக் கேக்கிறன். ஏழரைச் சனியன் எண்டாலும் ஒரு நாளைக்கு விட்டிட்டுப் போவான். இது போகாது. நான் நேர்ந்தது சூரியனுக்கு. மீற்றருக்கு இல்லை.”

பிறகு நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். ஏழரை வந்து போனது. அப்பா மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குப் பிறகு, எதிர்வீட்டுப் புகைபோக்கிகள் இரண்டுக்கும் இடையில் வானம் கழுவின சட்டித் தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. சூரியன் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அது போதும். சுவிச்சைப் போட்டார். பால் திரும்பவும் எழும்பி, இம்முறை பானையைத் தாண்டி அடுப்பில் வழிந்து தீய்ந்து மணத்தது. பொங்கலோ பொங்கல் என்று நான் முழுத் தொண்டையில் சொன்னேன். கீழ் வீட்டில் யாரோ எதனாலோ கூரையில் இடித்தார்கள்.

தங்கச்சிக்கு முதல் வாய் ஊட்டும்போது அவள் இருமினாள். விட்டு விட்டு, நாய்க்குட்டி குரைப்பதைப் போல. அம்மா அவளை மாமியிடம் கொடுத்துவிட்டு மூலைக்குப் போனார். எண்ணெய் ஹீற்றரின் மேலிருந்த துவாயை உருவி எறிந்தார். அதை அறையின் நடுவுக்கு இழுத்து வந்து, எல்லோர் கண்முன்னாலும், பட்டப்பகலில், பிளக்கைச் செருகினார். மாமா முந்திரிப்பருப்பைப் பொறுக்கிச் சாப்பிட்டார்.

அன்றோடு எங்கள் வீட்டில் மலிவு நேரம் முடிந்தது. கல்லு ஹீற்றர்கள் இரண்டையும் அம்மா சுவர்ச் சுவிச்சிலேயே நிறுத்திவிட்டார். பகலில் சமைத்தார், பகலில் துவைத்தார், பகல் முழுவதும் எண்ணெய் ஹீற்றர் தங்கச்சியின் பின்னால் அறை அறையாகச் சில்லில் போனது. இரவில் எல்லோரும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தோம். பகல் முழுக்க ஏறியிருந்த சூடு விடியும்வரை தாங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு சூடாக இருக்கும். தேத்தண்ணீரில் ஆவி பறக்கும். அம்மாவின் ஜக்கெற் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மாசியில் தங்கச்சி காலுறை இல்லாமல் நிலத்தில் தவழ்ந்தாள். இருமல் எப்போது நின்றது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. நின்றது என்று ஒருநாள் கவனித்தோம்.

அப்பா மட்டும் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்போல நடந்துகொண்டார். கிடைத்த மேலதிக ஷிப்ட்டுகளை எல்லாம் எடுத்தார். அம்மாவை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சித்திரையில் வரப்போகிற பில்லுக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தார்.

பில் வந்தது. பொங்கலுக்கு முந்தின பில்லின் பாதிகூட இல்லை.

பெரிய மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “சூரிய பகவானுக்கு நேரத்துக்குப் பொங்கினதுக்குப் பலன்” என்றார், அந்த நேரத்துக்குப் பொங்கச் சொன்னவரே தான்தான் என்பதுபோல. அம்மாவுக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை. சாமித்தட்டில் சூரியன் படம் ஒன்று இருக்கவில்லை; நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டினார். இரண்டு வருடம் அடங்கி நடந்து கண்டதைவிட ஒரு நாள் துணிந்து நின்றதற்குக் கிடைத்தது அதிகம் என்றால் வேறு என்ன நினைக்கமுடியும்? ஊரிலிருந்து வந்த பிறகு அவர் இந்த நாட்டில் யாரிடமும் எதிலும் வென்றதில்லை. இதில் வென்றார்.

அப்பாவுக்கு மட்டும் அந்தப் பில் பிடிக்கவில்லை. பெற்றோல் ஸ்ரேஷனில் கல்லாவை எண்ணி ஒப்படைக்கிறவர் அவர். “காசு குறைஞ்சாலும் பிழை, கூடினாலும் பிழை” என்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அடுப்பின் நான்கு வளையங்களையும், ஹீற்றரையும், கேத்திலையும் ஒன்றாகப் போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டின் கீழே இருந்த மீற்றர் அலுமாரிக்குப் போனார். மீற்றரில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். ஒன்று இரவுக்கு, ஒன்று பகலுக்கு என்று பில்லில் இருந்தது. எது இரவு எண் என்று பில்லில் பார்த்து நான் வாசித்தேன். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அந்த இரவு எண் எங்கள் கண்முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பகல் எண் அசையவே இல்லை.

கொம்பனியின் கணக்கில் இரண்டும் இடம் மாறியிருந்தன. நாங்கள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னர் யாரோ எங்கேயோ மாற்றிப் பதிந்திருக்கிறார்கள். பழைய கொம்பனி அதை அப்படியே வைத்திருந்து, அப்படியே புதுக் கொம்பனிக்குக் கொடுத்திருக்கிறது. நாங்கள் நடுச்சாமத்தில் சமைத்ததெல்லாம் பகல் விலை. விடியற்காலையில் குளித்தது பகல் விலை. இரவு முழுவதும் மின்சாரம் குடித்த அந்தச் செங்கற்கள், மூன்று பிளாஸ்க்குத் தண்ணீர், எல்லாம் பகல் விலை. பகலில் பாவிக்கிறீர்கள் என்று அந்த அன்பான பெண் சொன்னது அவள் பார்த்த திரையில் உண்மை. அவள் சொன்ன சொல்லைக் கேட்டு மிச்சம் இருந்ததையும் இரவுக்கு மாற்றினோம். எவ்வளவுக்கு எவ்வளவு சொல்வழி கேட்டோமோ அவ்வளவுக்கு அவ்வளவு கூடக் கட்டினோம். சொல்வழி கேளாத ஒரு சோம்பேறிக் குடும்பம் அந்த வீட்டில் இருந்திருந்தால் சூடாக இருந்து, குறையக் கட்டிக்கொண்டு போயிருக்கும்.

இன்றும் பஸ் தரிப்பிடங்களில் அந்த அறிவுரையைக் காண்கிறேன். உங்கள் பாவனையை இரவுக்கு மாற்றுங்கள், மிச்சம் பிடியுங்கள் என்று சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படத்தோடு. அறிவுரையில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இரவு எது, பகல் எது என்று உங்கள் கணக்கில் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள் என்று அந்தப் படத்தின் கீழே ஒரு வரி போட யாருக்கும் தோன்றவில்லை. அதைப் பார்க்கவேண்டியது யாருடைய வேலை? போர்வைக்குள் சோறு வைத்திருந்தவருடைய வேலையா?

நான் அன்று படிகளில் ஏறி ஓடினேன். எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், காசு திரும்பி வரும் என்று அம்மாவிடம் கத்திக்கொண்டு போனேன். சூரியன் இல்லையம்மா, மீற்றர்தான் என்றேன். அம்மா தங்கச்சியின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பிடித்திருந்த விரலின் நகத்தை வெட்டி முடித்தார். பிறகு, மூச்சிரைக்கப் பின்னால் வந்த அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப தையில இருந்து நாங்கள் எரிச்சது?”

அவ்வளவு நல்ல சேதியைக் கொண்டுவந்தவனைப் பாராட்டாமல் அம்மா ஏன் இப்படி ஒரு கேள்வி கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

புதுக் கொம்பனி பிழையை ஒப்புக்கொண்டது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தியது. தங்களிடம் வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சரியாகத் திருத்துவதாகச் சொன்னது. அதற்கு முந்திய இரண்டு குளிர்காலங்களுக்கும் பழைய கொம்பனியைக் கேட்கச் சொன்னது. பழைய கொம்பனி உங்கள் கணக்கு மூடியாகிவிட்டது, இப்போது இருக்கிறவர்களைக் கேளுங்கள் என்றது. நாங்கள் அவர்களைக் கேட்டோம், இவர்களைக் கேட்டோம், காத்திருக்கும்போது போடுகிற பாட்டு எனக்கு மனப்பாடமானது. இதற்கெல்லாம் மேலே போய் முறையிட ஓர் இடம் இருந்தது என்பது, படித்து, வேலைக்கும் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தப் போன்களில் பேசிய ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

திருத்தம் மட்டும் தாமதமில்லாமல் வந்தது. ஐப்பசிக் கடைசியிலிருந்து பொங்கல்வரை நாங்கள் கூடக் கட்டியது எங்களுக்கு வரவாக ஒரு பக்கம். பொங்கலிலிருந்து சித்திரைவரை, இரவு விலையில் எழுதப்பட்டிருந்த பகல்கள் எல்லாம் சரியான விலைக்கு மாற்றப்பட்டு, நாங்கள் கட்டவேண்டியதாக மறுபக்கம். தங்கச்சி தவழ்ந்த மாசி முழுவதும் அதில் இருந்தது. ஆவி பறந்த தேத்தண்ணீர் இருந்தது. அம்மாவின் கேள்விக்கு அது பதில்.

வாசித்துக் காட்டியது நான்தான். வாசித்து முடித்ததும் அம்மா எழும்பிப் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். சித்திரை மாதம்; வெளியே வெயில். நான் கடைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றேன். அவர் எங்கேயும் போகவில்லை. எண்ணெய் ஹீற்றரின் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுற்றி, துவாயைத் திரும்பவும் அதன்மேல் போர்த்தினார்.

கழித்ததுபோக நாங்கள் கட்டவேண்டியிருந்தது நூற்று அறுபத்தெட்டுப் பவுண்ஸ், முப்பது பென்ஸ்.